முன் சக்கர பிரேக் செட்: மூன்று சத்தங்களும் ஆறு மாத ஓட்டமும்

இந்த பிரேக் பேடு, டிஸ்க் செட்டை மாட்டி ஆறு மாதம் ஆகிறது. சக்கரத்தோடு சுற்றுகிற வட்டத் தட்டு டிஸ்க்; அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவது பேடு. வண்டி இதுவரை 7,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாட்டிய முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்தான் கொடுத்திருப்பேன். அது பெரிய அநியாயமாகப் போயிருக்கும். அந்த வாரம் முழுக்க முன் சக்கரத்திலிருந்து ஏதாவது ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. பழியை எல்லாம் புதுப் பேடு மேல்தான் போட்டேன். ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடிய பிறகுதான் தெரிந்தது, வந்த மூன்று சத்தத்தில் ஒன்றுகூட பேடால் வந்ததில்லை. அதனால் பொருளைப் பற்றிச் சொல்வதை விட அந்தத் தேடலைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். புதிதாக மாட்டிவிட்டு, சத்தம் கேட்டு நொந்துபோய் இருக்கிறவர்களுக்கு அதுதான் உதவும்.

என்னுடையது பன்னிரண்டு வயதான சின்ன ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பழைய டிஸ்க்கின் விளிம்பில் விரலை வைத்தால் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு தட்டும். மைக்ரோமீட்டரில் அளந்தேன், 19.7 மில்லிமீட்டர். குறைந்தபட்சம் 20 என்று அந்த டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது; புதிதாக இருந்தபோது 22. பேடை மட்டும் மாற்றிச் சமாளிக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று இரண்டையும் சேர்த்து வாங்கினேன்.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க், நான்கு பேடு, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்கு நான்கு வீதம், பேடு உட்காரும் எட்டு தகட்டுக் கிளிப், ஒரு சின்னப் பாக்கெட் கிரீஸ், மடித்த ஒரு தாள். பேடு செராமிக் வகை. கையில் எடுத்ததுமே நல்ல வேலைப்பாடு என்று தெரிந்தது. பின்தகட்டின் மேல் ஷிம் என்கிற மெல்லிய தகடு தனியாக ஆடாமல் ஒட்டியே வருகிறது. உராயும் பகுதியின் இரண்டு முனைகளையும் சாய்வாகச் சீவியிருக்கிறார்கள், நடுவில் ஒரு கோடு வெட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஏன் பார்த்தேன் என்றால், பிரேக்கில் வரும் கீச் சத்தம் அடிப்படையில் ஓர் அதிர்வு. பேடும் டிஸ்க்கும் ஒன்றையொன்று பிடித்து விட்டு, பிடித்து விட்டு, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடுங்குவதுதான் நம் காதில் கீச்சென்று விழுகிறது. கண்ணாடி டம்ளர் விளிம்பில் ஈர விரலை ஓட்டினால் அது பாடுமே, அதே சங்கதி. ஷிம் அந்த நடுக்கத்தை உள்வாங்கிக்கொள்ளும். சீவிய முனை, கடிப்பது திடீரென்று தொடங்காமல் பார்த்துக்கொள்ளும். மலிவான பேடுகளில் முதலில் இந்த இரண்டில்தான் கை வைப்பார்கள். இந்த செட்டில் வைக்கவில்லை.

டிஸ்க்கின் நடுப்பகுதியிலும் வெளி விளிம்பிலும் சாம்பல் நிறப் பூச்சு இருக்கிறது. உராயும் பரப்பில் துருப் பிடிக்காமலிருக்க லேசாக எண்ணெய் தடவி வருகிறது. பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியில் கறை படியாத வரைக்கும் துடைக்க வேண்டும். தாளில் இதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், நல்லது. அதே தாளில் போடாமல் விட்ட ஒரு விஷயம்தான் என்னைப் பதினொரு நாள் அலைய வைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மாட்டும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்தேன். காலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டு சஸ்பென்ஷன் சுருளில் கட்டினேன். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது டப்பாவில் பிரேக் ஆயில் வழியாமல் பார்த்துக்கொண்டேன். முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், பெடலை அது கெட்டியாகும் வரை பலமுறை மிதித்தேன். தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் பழைய கதை.

வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் முதல் சத்தம் வந்துவிட்டது.

அது கர்... கர்... கர்... என்று சக்கரம் சுற்றுகிற தாளத்திலேயே வந்தது. பிரேக் மிதித்தாலும் வந்தது, மிதிக்காவிட்டாலும் வந்தது. அதிலேயே பாதி விடை இருக்கிறது. பிரேக் மிதிக்காதபோதும் வருகிற உரசல் என்றால், பெரும்பாலும் சுற்றுகிற எதுவோ சுற்றாத எதன் மேலோ படுகிறது. என் வண்டியில் அது டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகர மறைப்பு. பழைய டிஸ்க், சக்கரத்தைப் பூட்டுகிற ஹப்பில் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்ததால் சுத்தியலால் தட்டித்தான் எடுத்தேன். அப்போது தகரம் ஓரத்தில் வளைந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், தகரத்தின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்குப் பளபளவென்று ஒரு கீறல். கையாலேயே வெளிப்பக்கம் வளைத்துவிட்டேன், இரண்டு நிமிட வேலை. சில சமயம் அந்த இடுக்கில் ஒரு சின்னக் கல் மாட்டிக்கொண்டாலும் இதே சத்தம்தான் வரும். அப்போது கொஞ்ச தூரம் பின்னால் ஓட்டினால் தானே விழுந்துவிடுவதும் உண்டு.

இரண்டாவது, டக். ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் வந்து முதல் தடவை பிரேக் மிதிக்கும்போது ஒரே ஒரு டக். அப்புறம் கிடையாது, அடுத்த ரிவர்ஸ் வரைக்கும். இப்படி ஒரு டக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது போல்ட். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் தளர்ந்திருந்தால் அது உயிரோடு விளையாடுகிற விஷயம். மற்ற எதையும் யோசிப்பதற்கு முன்னால் முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் எடுத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு நான்கையும் சரிபார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. வலது பக்கக் கீழ்க் கிளிப் ஒன்று மட்டும் முழுசாக உட்காரவில்லை. அந்த இடைவெளியில், வண்டியின் திசை மாறும்போதெல்லாம் பேடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து முட்டியிருக்கிறது. கிளிப்பைக் கழற்றித் திரும்ப வைத்தபோது 'க்ளிக்' என்று கேட்டது. முதல் தடவை நான் அந்தக் க்ளிக்கைக் கேட்டதாக நினைவில்லை.

இந்த இரண்டும் ஒரே மாலையில் தீர்ந்தன. மூன்றாவதுதான் படுத்தியது.

கடைசிப் பத்தடியில்தான் அது வரும். சிக்னலை நெருங்கி, வேகம் நடை வேகத்துக்குக் குறைந்து, பெடலில் கால் லேசாகப் பட்டுக்கொண்டிருக்கும்போது கீ...ச் என்று நீளமாக இழுக்கும். அழுத்தி மிதித்தால் வராது. காலை முதல் ஓட்டத்தில் வராது, பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு வரும். இந்த வரிசை எனக்கு உறுத்தியது. இரவு ஈரத்தில் வார்ப்பிரும்பு டிஸ்க்கின் மேல் மெல்லிசாகத் துரு படிந்து, காலையில் இரண்டு மூன்று பிரேக்குக்குச் சத்தம் போட்டு அடங்குவது எல்லா வண்டியிலும் உள்ளது. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இது நேர் எதிர். சூடேறினால் வருகிறது.

பேடு இன்னும் டிஸ்க்கோடு பழகவில்லை என்று முதலில் நினைத்தேன். தாளில் சொன்னபடி, ஆளில்லாத நேரான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரைக்கும் மிதமாக மிதித்துக் குறைப்பது, முழுசாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுப்பது, இப்படிப் பத்துத் தடவை. பிறகு பிரேக் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுவது. பேடிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கின் மேல் சீராகப் படிவதற்காக இதைச் செய்கிறோம். செய்தேன். பிரேக் பிடிப்பு நன்றாகவே கூடியது. கீச் அப்படியே இருந்தது.

பக்கத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "செராமிக் பேடுன்னா இப்படித்தான் கத்தும்" என்று சொல்லி, நான்கு பேடையும் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டிக் கொடுத்தார்கள். நான்கு நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் பழையபடி. இப்படித் தேய்த்துக் கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது, அதனால் சொல்கிறேன்: மேல்பரப்பைச் சுரண்டினால் அதிர்வு சில நாள் மாறும், அதிர்வுக்குக் காரணமானது அப்படியே உள்ளே இருக்கும். பழக்கி ஏற்றிய படலமும் போய்விடும். செராமிக் பேடு மற்றவற்றை விட அமைதியானது என்பதற்காகத்தான் பலரும் வாங்குகிறார்கள். கத்துவது அதன் குணம் என்பது சரியல்ல.

அதற்கு மேல் யாரையும் கேட்காமல் நானே வரிசையாகப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். உள்ளே உட்கார்ந்தால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நிச்சயமாகச் சொல்லவே முடியாது. ஒரு சமயம் வலது மாதிரி இருக்கும், ஒரு சமயம் இடது. தம்பியை ஓட்டச் சொல்லி, கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஒரு நீண்ட மதிலை ஒட்டிப் போகச் சொன்னேன். மதிலில் பட்டுத் திரும்பும்போது சத்தம் இரட்டிப்பாகக் கேட்கும். இடது பக்கம் மதில் இருந்தபோது, "அக்கா, இந்தப் பக்கந்தான், காதைக் கிழிக்குது" என்றான். வண்டியைத் திருப்பி மதில் வலது பக்கம் வரும்படி ஓட்டினோம். சத்தம் பாதியாகக் குறைந்தது. நான் வெளியே இறங்கிக் கொஞ்சம் தள்ளி நின்றும் கேட்டேன். இடதுதான்.

வீல் பேரிங்காக இருக்குமோ என்ற சந்தேகத்தை நீளமாகத் துரத்தவில்லை. பேரிங் ஊளை ஸ்டியரிங் திருப்பும்போது மாறும். பிரேக் மிதித்தால் வந்து, காலை எடுத்தால் நிற்கிற பழக்கம் அதற்குக் கிடையாது.

அடுத்தது வெப்பம். ஒரு சின்ன இன்ஃப்ராரெட் வெப்பமானி வைத்திருக்கிறேன். அதிகம் பிரேக் மிதிக்கத் தேவையில்லாத சாலையில் இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தி, இரண்டு டிஸ்க்கையும் அளந்தேன். வலது 83 டிகிரி. இடது 121. இந்த இரண்டு எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. ஒரே வண்டி, ஒரே பெடல், ஒரே பேடு. ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு கூடச் சூடு என்றால் அந்தப் பக்கத்துப் பேடு, காலை எடுத்த பிறகும் டிஸ்க்கை முழுசாக விடவில்லை என்று அர்த்தம். வண்டியைத் தூக்கி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வலது இரண்டு சுற்றுக்கு மேல் ஓடியது. இடது அரைச் சுற்றில் நின்றது.

ஆனாலும் அந்த நான்கு பேடில் ஒன்று மட்டும் தயாரிப்பிலேயே கோளாறாக வந்திருக்கலாமே என்ற எண்ணம் போகவில்லை. அதற்கும் ஒரு சோதனை உண்டு: இடது பேடுகளை வலதிலும் வலது பேடுகளை இடதிலும் மாட்டுவது. என் வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் சோதனைக்காக மட்டும் இதைச் செய்ய முடிந்தது. சில பேடுகளில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும். அவற்றை இப்படி மாற்றக் கூடாது. மாற்றி மாட்டி ஓட்டினேன். சத்தம் பேடோடு வலதுக்குப் போயிருந்தால் பேடைத் திருப்பி அனுப்பியிருப்பேன். போகவில்லை, இடதிலேயே நின்றது. அந்த நிமிடத்தில் பேடு மேலிருந்த என் கோபமெல்லாம் போய்விட்டது.

அப்போதுதான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. முதல் நாள் மாட்டும்போது இடது உள்பேடு கிளிப்புக்குள் இறங்காமல் முரண்டு பிடித்தது. சுத்தியலின் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டித்தான் இறக்கினேன். புதுசு, இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

இடது பிராக்கெட்டை முழுசாகக் கழற்றி எடுத்து, வைஸில் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தேன். பேடின் இரண்டு முனையிலும் காது மாதிரி ஒரு பகுதி நீட்டிக்கொண்டிருக்கும். அது உட்கார்ந்து நகர பிராக்கெட்டில் ஒரு படி வெட்டியிருப்பார்கள். படியின் மேல் கிளிப், கிளிப்புக்குள் பேடின் காது. நான் புதுக் கிளிப்பை எடுத்துப் பார்த்தால் அடியில் படி முழுக்க துருப் பொருக்கு. மேலே பார்க்கும்போது கறுப்பாக, சமமாக, ஏதோ இரும்பின் நிறமே அதுதான் என்பது போல இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பினால் மரப்பட்டை மாதிரி ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. அடியில் செம்பழுப்பாக இன்னொரு அடுக்கு. விழுந்த சில்லை அளந்தேன், 0.4 மில்லிமீட்டர் இருந்தது. துரு இரும்பை விட அதிக இடத்தைப் பிடிக்கும். கிளிப்புக்கு அடியில் அது புடைத்து, கிளிப்பை மேலே தூக்கி, பேடின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சூடேறி எல்லாம் கொஞ்சம் விரிந்ததும் பிடி இன்னும் இறுகும். கால் எடுத்தாலும் பேடு பின்வாங்க இடமில்லை. டிஸ்க்கை விட்டும் விடாமல் தொட்டுக்கொண்டே இருக்கும். அந்த லேசான தொடுதலில்தான் கீச்.

மாட்டிய அன்று நான் அந்தப் படிகளைத் துணியால் துடைத்தேன், அவ்வளவுதான். புதுக் கிளிப் வந்திருக்கிறது, அதைப் போட்டால் போதும் என்று நம்பினேன். தாளிலும் 'கிளிப்பை மாற்றவும்' என்று ஒரு வரிதான் இருக்கிறது. கிளிப் உட்காரும் படியை உலோகம் தெரியும் வரை சுத்தம் செய்யச் சொல்லும் வரி இல்லை. இவ்வளவு அக்கறையாக ஷிம் ஒட்டி, முனை சீவி, கிளிப்பும் சேர்த்துக் கொடுத்தவர்கள் அந்த ஒரு வரியையும் சேர்த்திருக்கலாம். இந்த செட்டில் எனக்கிருக்கும் பெரிய குறை இதுதான்.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். மூலைகளில் மட்டும் தட்டை அரத்தால் மெதுவாக, இரும்பைத் தின்றுவிடாமல், துருவை மட்டும் எடுத்தேன். பிரேக் கிளீனர் அடித்துக் காயவிட்டு, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை ஒரு படலம் அளவுக்குத் தடவிக் கிளிப்பை வைத்தேன். நான்கும் க்ளிக் என்று உட்கார்ந்தன. பேடை வைத்து ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. இந்த இரண்டும் ஒன்றாக அமைய வேண்டும்: விரலுக்கு நகர வேண்டும், ஆனால் தளர்ந்து ஆடக் கூடாது.

திறந்தது திறந்தாயிற்று என்று காலிப்பர் நகர்ந்து கொடுக்கிற ஸ்லைடு பின் இரண்டையும் உருவிப் பார்த்தேன். வளையவில்லை, துருவில்லை. பழைய கிரீஸ் மட்டும் மெழுகு மாதிரி காய்ந்திருந்தது. துடைத்துப் புது சிலிக்கான் கிரீஸ் போட்டேன். இந்த இடத்தில் சாதாரண பேரிங் கிரீஸ் போடவே கூடாது. பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஊதிப்போகும், ஊதிய ரப்பர் பின்னைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வேறொரு சத்தத்துக்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை போகும். பெட்டியில் வந்த கிரீஸ் இதற்குச் சரியான வகைதான். அளவுதான் போதாது, ஒரு பக்கத்துக்கே தீர்ந்துவிட்டது. தனியாக ஒரு டியூப் வாங்கிக்கொள்ளுங்கள். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளி பட்டாலும் துடைத்துச் சுத்தம் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

வலது பக்கம் சத்தம் போடவில்லை என்றாலும் அதையும் கழற்றிப் பார்த்தேன். அங்கேயும் துரு இருந்தது, இவ்வளவு புடைக்கவில்லை. இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் அதுவும் இப்படித்தான் ஆகியிருக்கும். அதையும் சுத்தம் செய்து, பேடுகளை அதனதன் பக்கம் திரும்ப மாட்டி, பட்டறையில் தேய்த்ததால் போன படலத்துக்காக அந்தப் பத்துத் தடவை ஓட்டத்தை மறுபடியும் செய்தேன்.

அன்று மாலை அதே இருபது நிமிடச் சாலையில் ஓட்டினேன். வலது 81, இடது 84. சிக்னலில் கடைசிப் பத்தடிக்கு ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். டயர் சாலையில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சரி, பொருளுக்கு வருகிறேன். ஆறு மாதத்தில் இந்தப் பேடின் பிடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிர்ந்திருக்கும்போது முதல் மிதி பழைய செமி மெட்டாலிக் பேடு அளவுக்கே கடிக்கிறது. சக்கரத்தில் படியும் தூசி வெளிர் நிறமாக, குறைவாக இருக்கிறது. முன்பு வாரத்துக்கு ஒரு தடவை கறுப்பாகத் துடைத்த ரிம்மை இப்போது மாதத்துக்கு ஒரு தடவை துடைக்கிறேன். டிஸ்க்கின் விளிம்புப் பூச்சு மழையைத் தாங்கி இன்னும் நிற்கிறது. பெடலில் துடிப்பு எதுவும் இல்லை. இதற்கு டிஸ்க்கை மட்டும் பாராட்ட முடியாது. மாட்டும்போது ஹப்பின் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்ததும், வீல் நட்டை எதிரெதிராக, டார்க் ரெஞ்சில் ஒரே அளவுக்கு முறுக்கியதும் சேர்ந்துதான். அந்த முகத்தில் துரு இருந்தால் எவ்வளவு நல்ல டிஸ்க்கும் கோணலாகத்தான் சுற்றும்.

யாருக்கு வேண்டாம் என்றால், பாரம் ஏற்றி நீளமான மலை இறக்கத்தில் அடிக்கடி இறங்குகிறவர்கள் யோசித்து வாங்கலாம். அந்த அளவு சூட்டில் நான் இதைச் சோதித்ததில்லை. அன்றாடம் ஊருக்குள் ஓட்டுகிற சின்ன வண்டிக்குத் தாராளமாக வாங்கலாம். என்னிடமிருந்து நாலரை நட்சத்திரம். அரை குறைத்தது அந்தத் தாளுக்கும் கிரீஸ் அளவுக்கும்.

போன வாரம் டயர் மாற்றிப் போடுவதற்காகச் சக்கரங்களைக் கழற்றியபோது இடது காலிப்பரைத் தூக்கிப் பார்த்தேன். உள்பேடு, வெளிப்பேடு இரண்டிலும் 9.2 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது, இரண்டும் சமமாகத் தேய்ந்திருக்கின்றன. உள்பேடை விரலால் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போனது.